மருமகனோடு கோட்டை பார்க்கப் போன நாள்

எனக்கு ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. எழுத்துக் கோணலாக வரும். முதல் நடந்ததைப் பின்னுக்கும், பின் நடந்ததை முதலுக்கும் எழுதிவிடுவேன். இப்போது மறதியும் கூட. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகள் வெளிநாட்டில் தாதியாக இருக்கிறாள். அங்கே தன்னோடு வேலை செய்த ஒருவரைக் கட்டினாள். அவர் கானா நாட்டவர். ஆபிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு பழைய துறைமுகப் பட்டணம் அவருடைய ஊர். என் வீட்டுக்காரருக்கு அந்தக் கலியாணம் பிடிக்கவில்லை. ஏசவும் இல்லை. அவளுடைய தொலைபேசி வந்தால் எழும்பி மாட்டுப் பட்டிப் பக்கம் போய்விடுவார். அப்படியே பதினொரு வருடம் போயிற்று. அவர் செத்த பிறகுதான் அவள் எங்கள் ஊர் அடம்பனுக்கு வந்தாள், எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு முதல் நாள், புருசனையும் கூட்டிக்கொண்டு.

நான் அழவில்லை. எனக்கு ஒன்றும் வரவில்லை. தேத்தண்ணி சுட்டதா ஆறியதா என்று குடித்து முடித்த பிறகும் தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. இவர்கள் இனி வருவார்களா? பெற்ற பிள்ளையிடம் கேட்க என்ன வெட்கம் என்று நினைப்பீர்கள். நான் அப்படித்தான். எதையும் கேட்டு வாங்கின ஆள் இல்லை.

மருமகன் தமிழில் நாலைந்து சொல் பாடமாக்கி வந்திருந்தார். மாமி, ஓம், காணும், போட்டு வாறன். போய்விட்டு வருகிறேன் என்கிற அந்தக் கடைசிச் சொல்லில் அவருக்கு நல்ல விருப்பம். எங்கே போனாலும் கையைக் கூப்பி எல்லாருக்கும் "போட்டு வாறன்" என்பார். கிணற்றடிக்குப் போகும்போதும் சொன்னார். செத்தவீட்டில் அப்படிச் சொல்லி வெளிக்கிடுவது இல்லைதானே. வந்த சனம் பேசாமல் எழும்பிப் போகும். திரும்ப வருகிறேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றது போல. எட்டுக்கு வந்த என் மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"உன்ர மருமோன் இன்னும் எத்தினை பேரை அனுப்பப் போறாராம்?"

பின்னேரம் நான் மகளிடம் சொன்னேன். "பிள்ளை, செத்தவீட்டில அப்பிடிச் சொல்லக்கூடாது எண்டு அவருக்குச் சொல்லி வை."

அவள் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் சொல்லவே இல்லை. கடைக்குப் போனாலும் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் போவார். நல்ல மனுசன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் அவர்கள் பிளேன் ஏறக் கொழும்புக்குப் போக வேண்டும். காலையில் வாடகைக்குப் பிடித்த வானில் மன்னார் பார்த்துவிட்டு, என்னை வீட்டில் இறக்கிவிட்டுப் போவது என்று ஏற்பாடு. "அம்மா, நீங்களும் வாங்கோ" என்றாள். சனம் கதைக்கும் என்று தெரியும். ஆனாலும் வானுக்குள் வைத்து அந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்று ஏறினேன்.

வான்காரர் மன்னார்த் தாராபுரத்து முஸ்லிம் ஆள். வாய் ஓயாது. பாலம் கடந்து தீவுக்குள் போகும்வரை கதைத்தார். நான் முன் கதிரையின் பின்னுறையில் இருந்த கிழிசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கோட்டை வந்துவிட்டது.

அந்தக் கோட்டையை எத்தனையோ தரம் பஸ்சுக்குள் இருந்து கண்டிருக்கிறேன். உள்ளே போனது அன்றைக்குத்தான். உடைந்த சுவர், புல், ஒரு கழுதையும் குட்டியும். ஒரு இருட்டறை வாசலில் மருமகன் நின்று மகளிடம் என்னவோ கேட்டார்.

"இதுக்குள்ள ஆக்களை அடைச்சு வைச்சவையோ எண்டு கேக்கிறார்" என்றாள் மகள்.

"மருந்து வைச்ச அறை எண்டு கேள்வி, வெடிமருந்து. இப்ப வௌவால்தான் குடியிருப்பு. அதுகளைக் கேட்டாத்தான் தெரியும்" என்றார் வான்காரர்.

மருமகன் சிரிக்கவில்லை. தன் ஊரிலும் கடலோரம் ஒரு கோட்டை இருக்கிறது என்றார். மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். வெள்ளையடித்த பெரிய கோட்டையாம். அதன் நிலவறைகளில் அடிமையாக்கின சனத்தை அடைத்து வைத்திருந்து, கடல் பக்கம் இருக்கிற ஒடுங்கின வாசலால் கப்பலுக்கு ஏற்றினார்களாம். அந்த வாசலால் போன ஒருவரும் திரும்பி வரவில்லையாம். இப்போது உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் வந்து அந்த வாசலில் நின்று அழுவார்களாம்.

"இவரைப் பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவையாம். இவருக்கு அழுகை வரேல்லையாம் அம்மா. பசிச்சதாம்."

எனக்கு அவர் சொன்னது விளங்கியது. "பையில பாண் கிடக்கு, சாப்பிடச் சொல்லு" என்றேன். கோட்டைச் சுவரில் இருந்து மூன்று பேரும் பாணும் சம்பலும் சாப்பிட்டோம். கேட்பதற்கு அது நல்ல நேரம். நான் மகளுக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன்.

அடுத்தது பள்ளிமுனைப் பெருக்க மரம். ஒரு வீடு அளவு அடிமரம். மருமகன் அதைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிப்போய் உள்ளங்கையால் தட்டினார், மாட்டின் முதுகில் தட்டுகிற மாதிரி. தன் நாட்டிலும் இதே மரம் நிற்கிறதாம். காயை உடைத்து உள்ளே இருக்கிற மாவைத் தண்ணீரில் கரைத்து அவருடைய தாய் குடிக்கக் கொடுப்பாவாம்.

"அப்ப மரம் மாப்பிள்ளையின்ர சொந்தக்காரன்" என்றார் வான்காரர். "அரபிக்காரர் ஒட்டகத்துக்குத் தீனி எண்டு கொண்டுவந்து வைச்சதாம். ஒட்டகமும் போச்சு, அரபியும் போயிட்டான், இவர் மட்டும் போகேல்ல. மாப்பிள்ளை, நீங்களும் நிண்டிடுங்கோவன். என்ன அவசரம்?"

மகள் அதை அவருக்குச் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். நான் பதிலுக்குக் காத்திருந்தேன். மருமகன் மரத்தைப் படம் எடுக்கப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது மகள் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். எழுப்பிக் கேட்கிற ஆள் நான் இல்லை.

வீட்டுப் படலையில் வான் நின்றது. பெட்டிகளை ஏற்றினார்கள். மகள் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு ஏறினாள். மருமகன் கையைக் கூப்பி "மாமி" என்றார். அடுத்த சொல்லுக்கு வாய் திறந்ததைக் கண்டேன். பிறகு மகளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, நான் சொல்லிக் கொடுத்தபடி தலையைக் குனிந்து ஏறினார்.

அந்தியேட்டி முடிந்துவிட்டது, இனிச் சொல்லலாம் பிள்ளை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வான்காரர் மட்டும் கண்ணாடியால் எட்டிப் பார்த்து, "போட்டு வாறன் அம்மா" என்றார். வான் மதகடியில் திரும்பிப் போயிற்று. நான் உள்ளே போய் மூன்று கோப்பையையும் கழுவி வைத்தேன்.

இதில் பிழை இருக்கும். மருமகனுடைய ஊரின் பெயர் சொன்னார்கள், மறந்துபோனேன். கோட்டையை முதல் கட்டினது பறங்கியரா ஒல்லாந்தரா என்றும் நிச்சயம் இல்லை. இவற்றைத் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கோ. இன்னொன்று, முப்பத்தொன்று முடிந்தால் அந்தச் சொல்லைச் சொல்லலாமா, அல்லது ஆண்டுத் திவசம் வரை பொறுக்க வேண்டுமா என்று ஐயரிடம் கேட்டுப் பாருங்கோ. சொல்லலாம் என்றால் என் மகளுக்கு ஒருக்கால் அறிவித்துவிடுங்கோ.