குளுகுளுவுக்கு வேலை இல்லையாம்

என் சித்தி தையல்காரி. அவளை விட்டுப் போன மனுஷனுக்கு எங்கள் தெருவில் 'குளுகுளு' என்று பெயர். ஏசி ரிப்பேர் கடைக்காரர். விவாகரத்து வழக்கு நடக்கிறது. மகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் வீட்டு வாடகைக்கும் மாதாமாதம் ஏதாவது தரச் சொல்லுங்கள் என்று சித்தி மனு போட்டாள். அவ்வளவுதான், கொளுத்தும் வெயில் காலத்தில் குளுகுளுவுக்குத் தொழிலே போய்விட்டது!

விசாரணைக்கு நானும் துணைக்குப் போனேன். நீதிபதி அம்மாவின் அறையில் குளுகுளு நின்ற கோலத்தைப் பார்க்க வேண்டுமே. இடுப்பில் கை, தொண்டையில் கம்மல்.

"முடியலைம்மா. முதுகு வலி. கடையை மூடி ஒரு வருஷமாச்சு. தம்பிதான் சோறு போடுறான். இவளுக்கு என்னம்மா, தையல் மிஷின் இருக்கு, காசு கொட்டுது."

கொட்டுதாம்! யாரோ வேண்டாமென்று விட்ட பேன்ட் துணியில் தைத்த பையைத்தான் அவர் பெற்ற பெண் பள்ளிக்குத் தூக்கிப் போகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சித்தி என் கையைக் கிள்ளினாள். "வாயை மூடு."

அந்த நேரம் பார்த்து அறையின் ஏசி மேசைமேல் சொட்டியது. நீதிபதி காகிதக் கட்டுகளை நகர்த்தினார். "மூணு பேர் வந்து பார்த்துட்டாங்க, நிக்கவே மாட்டேங்குது."

குளுகுளுவின் கழுத்து மெல்ல மேலே திரும்பியது. சித்தி அதைக் கவனித்தாள். அந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தியவள் அல்லவா?

"இவர்கிட்ட மட்டும் கேட்டுடாதீங்கம்மா," என்றாள், ரொம்பப் பவ்யமாக. "இவருக்கு அந்த வேலை சுத்தமா மறந்துபோச்சு. வேற நல்ல மெக்கானிக்கா பாருங்க."

"யாருக்குடி மறந்துச்சு?" கம்மல் போன இடம் தெரியவில்லை. "தண்ணி போற குழாய்ல அடைப்பும்மா! அந்த மூணு பேரும் ஒண்ணும் தெரியாம காஸ் ஏத்திட்டுப் போயிருப்பானுங்க. நேத்துகூட ஒரு ஓட்டல் பூரா நான்தான் சரி பண்ணேன். நம்மகிட்ட நாலு பசங்க இருக்காங்க, சாயங்காலமே அனுப்புறேன்!"

அவருடைய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"எந்தக் கடையிலேர்ந்து அனுப்புவீங்க?" என்று கேட்டார் நீதிபதி.

மாதாமாதம் பணம் கட்ட அன்றே உத்தரவானது. வெளியே வந்ததும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு குளுகுளு மாதிரியே முனகி நடந்து காட்டினேன். சித்தி சிரிக்கவில்லை.

"அந்த ஏசி சொட்டாம இருந்திருந்தா?" என்றாள். "பெத்தவன்கிட்ட பிள்ளைக்கு ஃபீஸ் வாங்க, ஒழுகுற ரூமாப் பார்த்துதான் நான் நியாயம் கேட்டுப் போகணுமாடி?"