வலைக்கூடத்தில் அடைத்த ராணி

கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். "கத்தி வைக்காம குட்டி போடுறத நிறுத்த வழி உண்டா?" என்ற கேள்வி இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. நாயோடு வருபவர்களும் பூனையோடு வருபவர்களும் அதைத்தான் கேட்பார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக ஒரு பூனையின் கதையைச் சொல்கிறேன்.

1. சாளைக்குள் மாத்திரை

மண்டைக்காட்டுப் பக்கம் மாற்றலாகி வந்த முதல் நாள். மீன் விற்கும் ஸ்டெல்லா அக்கா கூடையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். வாயில் பழைய வலை கட்டியிருந்தது. உள்ளே ஒரு சாம்பல் பூனை என்னைப் பார்த்துச் சீறியது. பெயர் ராணி.

"மக்கா, குட்டி போட்டே தேஞ்சு போனா. இனியொரு தரம் போட்டா குழித்துறைச் சந்தையில கொண்டு விட்டிருவேன்னு எங்க வீட்டுக்காரரு ஒத்தக்கால்ல நிக்காரு."

வீட்டுக்காரர் ஆன்றோஸ் அண்ணன். மீன்வலைகளைக் குவித்து வைக்கும் அவருடைய வலைக்கூடத்தில் எலி வலையைக் கடிக்காமல் காப்பவள் ராணிதான். ஆனால் குட்டிகளையும் வலைக்குவியலில்தான் போடுவாள். கடலுக்குக் கிளம்பும்போது வலையை இழுத்தால் குட்டிகள் உருளும். அண்ணன் கோபத்திலும் நியாயம் இருந்தது.

ராணிக்கு ரத்தசோகை. உடம்பு தேறாமல் மயக்க மருந்து கொடுக்க டாக்டருக்கு மனமில்லை. அதுவரை வாரம் ஒரு ஹார்மோன் மாத்திரை என்றார். "கொஞ்ச காலத்துக்குத்தான். நீட்டினா கர்ப்பப்பையில சீழ் பிடிக்கும், மடியில கட்டி வரும். தேறினதும் ஆபரேஷன்தான்."

அக்கா மாத்திரையைச் சாளை மீனின் வயிற்றில் ஒளித்து வைத்தார். ராணி முள்ளைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

2. நெத்தோலி நுழையாத காவல்

ஆனியில் கடல் கொந்தளித்தது. வள்ளங்கள் இறங்கவில்லை, சாளையும் இல்லை. அக்கா கருவாட்டில் மாத்திரையை வைத்தார். ராணி கருவாட்டைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பினாள். கஞ்சியில் பொடித்துப் போட்டார். அவள் மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

இந்தத் தடவை ஆன்றோஸ் அண்ணனே வந்தார். "சிஸ்டரே, அது தொண்டை கிழியக் கத்துது. ஊர்ல உள்ள கண்டன் பூச்சை எல்லாம் எனக்க ஓட்டுக்கு மேல நிக்குது." எங்கள் கடற்கரையில் ஆண் பூனை என்றால் கண்டன் பூச்சை; ஆஸ்பத்திரியில் நிற்கும் பெண் யாரானாலும் சிஸ்டர்தான். மாட்டாஸ்பத்திரிக்கும் அதே மரியாதை.

"பருவம் வந்தாச்சு, இப்ப மாத்திரை வேண்டாம். அது அடங்குற வரைக்கும் அடைச்சு வையுங்க" என்றார் டாக்டர்.

"அடைக்கதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமா?"

வலைக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஜன்னல், ஓட்டு இடுக்கு, கதவுக்கடி எல்லாம் இரட்டை வலை போட்டுக் கட்டியிருந்தார். "ஒரு நெத்தோலிப் பொடிமீன்கூட நுழையாது!" தொழில் இல்லாத காலம் வேறு, கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து காவலிருந்தார். உள்ளே ராணியின் சத்தமும் ஓய்ந்திருந்தது. "பாத்தியளா, அடங்கிட்டா" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

3. உள்ளே இருந்தவன்

கடல் தணிந்தது. அண்ணன் வலையை வெளியே இழுத்தார். குவியலின் அடியிலிருந்து ஒரு மஞ்சள் கடுவன் பூனை சோம்பல் முறித்தபடி எழுந்து வந்ததாம். ராணிக்கு வைத்த சோற்றில் பாதியைத் தின்று கொழுத்திருந்தது.

ஸ்டெல்லா அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தார். "மாப்பிளைய உள்ள வச்சுப் பூட்டிட்டு, காவலுக்கும் இருந்திருக்காரு மக்கா!" சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. "இனி அவளச் சந்தையில விட்டிருவாரே."

ராணிக்காகப் பேசலாம் என்று போனேன். வலைக்கூடத்து மூலையில் ஒரு மீன் பெட்டி இருந்தது. அதில் பழைய வலையை மெத்தைபோல் மடித்து விரித்து, அண்ணன் ராணியை உட்கார வைத்திருந்தார். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அடைச்சு வச்சது நான். இவள எந்தச் சந்தையில கொண்டு விடச் சொல்லுதிய?"

எனக்கு அவரைக் கட்டியணைக்க வேண்டும் போலிருந்தது.

குட்டிகள் பெட்டியிலேயே பிறந்தன. அடுத்தடுத்த வலைக்கூடங்களுக்கு அவற்றைக் கொடுத்தவரும் அவர்தான். குட்டிகள் பால்குடி மறந்து ராணியும் தேறியதும், அதே கூடையில் ஆபரேஷனுக்குக் கொண்டுவந்தார். அவள் விழிக்கும்வரை வராந்தாவில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளே, மாத்திரையோ அடைப்போ, இரண்டும் ஆபரேஷன் வரைக்கும் தாக்குப்பிடிக்கத்தான். மாத்திரை கொடுக்கும்போது, கடலில் மீன் இல்லாத மாதம் எதில் வைத்துக் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். அடைக்கச் சொல்லும்போது, பூட்டுவதற்கு முன்னால் வலையை ஒருமுறை உதறிப் பார்க்கச் சொல்லுங்கள்.