சனிக்கிழமை வியாதி

நகரியில் விசைத்தறி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் மெக்கானிக் வேங்கடாசலத்தைப் பற்றி ஒரே கதையைத்தான் சொல்வார்கள். தெருமுனையில் நின்று காதைக் கொடுத்தாரென்றால், உள்ளே ஓடுகிற எட்டுத் தறியில் எது மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிவிடுவார். துணியில் ஒரே கோளாறு திரும்பத் திரும்ப விழுந்தால் இன்னும் சுலபம். எத்தனை அங்குலத்துக்கு ஒரு தரம் விழுகிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பார்; எந்தப் பல்சக்கரம் தேய்ந்தது என்று அந்த அளவே காட்டிக்கொடுத்துவிடும். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லையென்றால் பொய்.

அப்பேர்ப்பட்ட மனுஷனை ஒரு மீன் திணற அடித்தது.

மகள் ரூபா கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போன வருஷம், வீடு வெறிச்சென்று கிடக்கிறதே என்று புழக்கடையில் சிமெண்டுத் தொட்டி கட்டி ஒரு கோய் மீனை வாங்கி விட்டார். வெள்ளை உடம்பில் ஆரஞ்சுத் திட்டு. ஆறு வருஷத்தில் முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. அவர் வருகிற சத்தம் கேட்டாலே ஓரத்துக்கு வந்து வாயைத் திறக்கும்.

ஒரு சனிக்கிழமை காலையில் அது வரவில்லை. தண்ணீர் கழுநீர் மாதிரி வெளுத்திருந்தது. மீன் நடுத்தொட்டியில் மேலே மிதந்து, வாயைப் பிளந்து பிளந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தது. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டார். செல்போன் வீடியோவில் சொன்னபடி கல்லுப்பும் போட்டார். திங்களன்று மீன் தெளிந்தது. உப்புதான் மருந்து என்று ஊரெல்லாம் சொன்னார். அடுத்த சனிக்கிழமை மறுபடி அதே கதை. தண்ணீரை மாற்றி, மீன் கடைக்காரர் கொடுத்த நீல மருந்தை ஊற்றினார், தேறியது. மூன்றாவது வாரம் தண்ணீரை மாற்றியதும், பக்கத்து வீட்டு ரமணா, கண்ணு பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டான். அதற்கும் தேறியது! எது வியாதி, எது மருந்து, ஒன்றும் பிடிபடவில்லை. சோறு இறங்கவில்லை அவருக்கு.

ஏழாவது வாரம் பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு திருப்பதிக்கு பஸ் ஏறினார். மீன் டாக்டர் துர்காதேவி சோதித்துப் பார்த்துவிட்டு, "நீள்ளலோ ஏம் வேஸ்துன்னாரண்டி?" என்று தெலுங்கில் கேட்டார்.

"தண்ணியில ஒண்ணும் போடல மேடம், மருந்துதான்."

"மருந்த நிறுத்துங்க. மீனுக்கு வியாதி இல்ல. ஏதோ ஒண்ணு விழுந்து தண்ணியில காத்து இல்லாம பண்ணுது. நீங்க தண்ணி மாத்தறதாலதான் அது பிழைக்குது. ஏர் பம்பு வைங்க. வீட்ல இருக்கறவங்களையும் கேளுங்க."

வீட்டில் இருப்பது மனைவி கன்னியம்மாள் ஒருத்தி. கேட்டார்.

"எனக்கு இன்னா தெரியும்?" என்றாள் அவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "கடைக்குப் போனா வெல்லம் வாங்கிக்கினு வாங்க."

வாரம் தவறாமல் வெல்லம் வாங்கிப் போடுகிறாரே, வீட்டில் ஒரு நாளாவது பாயசம் உண்டா என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மீன் படுக்கிற நாளிலெல்லாம் காலண்டரில் சிவப்புக் கோடு போட்டு வந்தார். எட்டாவது கோட்டைப் போடும்போதுதான் உறைத்தது. எல்லாம் சனிக்கிழமை. இது பல்சக்கரக் கோளாறு! ஏழு நாளைக்கு ஒரு தரம் விழுகிறதென்றால், வெள்ளிக்கிழமை ஏதோ நடக்கிறது.

அடுத்த வெள்ளி காலை, வேலைக்குக் கிளம்புகிறவர்போலக் கிளம்பி, பின்பக்கமாகத் திரும்பி வந்து முருங்கை மரத்தடியில் நின்றார். கன்னியம்மாள் ஈரத் தலையோடு வந்தாள். தொட்டி ஓரம் குந்தி, முந்தானையிலிருந்து ஒரு பெரிய வெல்லக் கட்டியை எடுத்தாள்.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏண்டி, மீன சாவடிக்கவா பாக்கற? ரெண்டு மாசமா லூசு மாதிரி அலஞ்சிக்கினு கீறேன்!"

அவள் திடுக்கிட்டாள், வெல்லத்தை மட்டும் விடவில்லை. "கோயில் கொளத்துல தண்ணி இல்லீங்க, அதான் இங்க. கட்டி கரையணும்னு ஒம்போது வெள்ளி வெல்லம் கரைக்கறதா வேண்டிக்கினேன். இன்னியோட முடியுது."

"மீனுக்கு எங்கடி கட்டி? ஒரு செதில் உடாம பாத்துக்கினு கீறேன்."

"மீனுக்கு இல்ல."

இடது மார்பைக் கையால் மூடிக்கொண்டாள். "மொதல்ல சின்னதாதான் இருந்துச்சி. இப்ப எலுமிச்சங்கா அளவு ஆயிடுச்சி. உங்களாண்ட சொல்ல வெக்கமா இருந்துச்சி. நீங்களும் மீனோட அல்லாடிக்கினு இருந்தீங்க."

வேங்கடாசலத்துக்குத் திட்டுவதா, அழுவதா, தெரியவில்லை. மீனுக்காக எட்டுக் கோடு போட்டு வைத்தவர், முப்பத்திரண்டு வருஷம் கூட இருந்தவள் முகத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்க்கவில்லை. நினைக்க நினைக்க வெட்கமாகவும், அதைவிடப் பயமாகவும் இருந்தது.

உள்ளே போய்ப் பெரிய பிளாஸ்டிக் டப்பைத் தூக்கி வந்தார். குழாயடி டிரம்மில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை நிரப்பி, மீனை இரண்டு கையாலும் அள்ளி அதில் விட்டு, டாக்டர் சொல்லி வாங்கியிருந்த ஏர் பம்பையும் எடுத்துப் போட்டார்.

"இப்ப போடு" என்றார்.

அவள் நம்பாமல் பார்த்தாள்.

"போட்டுட்டுப் பொடவ மாத்திக்கோ. எட்டரை பஸ்ஸுக்குத் திருப்பதி பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்."

கன்னியம்மாள் வெல்லத்தைத் தொட்டியில் விட்டாள். அவரும் பக்கத்தில் குந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கட்டி கரைந்து முடிகிறவரை, "கரையணும் சாமி, கரையணும்" என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டிருந்தார்.