மார்த்தா டீச்சரின் சுண்ணாம்பு எண்கள்

இன்று காலை ஜன்னலைத் திறந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாசனை உள்ளே வந்தது. எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் பள்ளிக்கூட மைதானத்தில் விளையாட்டுப் போட்டிக்காகக் கோடு போடுகிறார்கள். உங்களுக்கு அந்த வாசனை தீபாவளிக்கு வெள்ளையடித்த சுவரையோ, வெற்றிலைப் பெட்டியையோ நினைவூட்டலாம். எனக்கு அது மார்த்தா டீச்சர். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த வாசனை வந்தால் முதலில் கோபம்தான் வருகிறது, மற்றதெல்லாம் அப்புறம். ஜன்னலைச் சாத்திவிட்டேன். எங்கள் அட்டன் மலைக் குளிர் தாங்காமல் கிழவி சாத்துகிறாள் என்று மருமகள் நினைத்திருப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், இங்கே இலங்கை மலைநாட்டிலேயே அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்தேன். அதுதான் முதல் வேலை. பஸ்ஸை விட்டு இறங்கி ஏற்றத்தில் நடந்தவள், பாதி வழியில் மூச்சு வாங்கி மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். என் உடம்பு அன்றும் சரி, இன்றும் சரி, உட்காருவதற்கென்றே அமைந்தது. அப்போது வெள்ளைச் சேலையும் கான்வாஸ் சப்பாத்துமாக, கழுத்தில் விசில் தொங்க, ஓர் அம்மாள் மேலேயிருந்து விறுவிறுவென்று இறங்கி வந்தார்.

"புது டீச்சருங்களா? எந்திரிங்க. ஒக்காந்தா இன்னும்தான் வாங்கும். நின்னு, நெஞ்ச விரிச்சு மெதுவா இழுங்க."

நான் எழுந்து நின்று இழுத்தேன். வேறு என்ன செய்வது, அந்தக் குரலுக்கு மைல்கல்லே எழுந்து நின்றிருக்கும். மிச்ச ஏற்றத்தை அவர் பக்கத்தில் நடந்தே ஏறினேன். அவர்தான் டிரில் டீச்சர், மார்த்தா.

அந்தக் கான்வாஸ் சப்பாத்துக்குக் கடைத்தெருவில் பெரிய பெயர். சேலையோடு சப்பாத்துப் போட்ட பெண்ணை அங்கே யாரும் பார்த்ததில்லை. "டீச்சரம்மா எந்தப் பட்டாளத்துக்குப் பொறப்பட்டுட்டீங்க?" என்று புடவைக்கடை முதலாளி ஒரு நாள் கேட்டார். "ஆள் சேக்கத்தான் வந்திருக்கேன். மொதலாளி வாறீங்களா?" என்றார் மார்த்தா டீச்சர். முதலாளியின் தொந்தியை அவர் பார்த்த பார்வையில் கடைப்பையன்களே சிரித்துவிட்டார்கள். அதன்பிறகு முதலாளி அந்தப் பக்கம் வாய் திறக்கவில்லை.

அவர் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவர். மிஷன் விடுதியில் படிக்கும்போது அங்கிருந்த வெள்ளைக்கார மிஸ்ஸிடம் தேகாப்பியாசம் கற்றுக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, கேட்டிருந்தால் அதற்கும் நாலு சுற்று ஓடச் சொல்லியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துப் பெண்கள் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்கு வருவார்கள். கூடைக் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, முதுகில் கூடையைத் தொங்கவிட்டு, காலையிலிருந்து மாலை வரை மலையில் நிற்கிறவர்கள். ஈரக் கொழுந்தின் கனம் முழுவதும் கழுத்துக்கும் இடுப்புக்கும்தான். ஞாயிறன்று தலையில் கயிறும் இல்லை, முதுகில் கூடையும் இல்லை. ஆனாலும் எல்லோரும் முன்னால் சாய்ந்தே நடப்பார்கள். எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. மார்த்தா டீச்சர்தான் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "கூடை இல்லாதப்பவும் ஏன் புள்ள கூடைய சொமக்கிறாங்க? எங்கம்மா சாகுறப்பக் கூட மல்லாந்து படுக்க முடியல."

பக்கத்துத் தோட்டத்துக்குள் வெளியாள் காலெடுத்து வைக்க, அதை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் அனுமதி வேண்டும். மார்த்தா டீச்சர் துரையிடம் போகவில்லை, அவர் மனைவி துரைசானியிடம் போனார். பெண்களுக்கு முதுகுவலி குறைந்தால் தோட்டத்துக்கும் நல்லதுதானே என்றார். துரைசானிக்கு அது பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ஒரு மணி நேரம், பெரட்டுக் களத்தில் நடத்திக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. பெரட்டுக் களம் என்றால் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். கை கட்டித் தலை குனிந்து நிற்பதற்கென்றே இருந்த மண் அது.

முதல் ஞாயிறு பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "காமன் கூத்துக்கு இப்பவே ஆடச் சொல்றாங்களோ" என்று ஒருத்தி சொன்னாள். ஒரு கையைத் தூக்கச் சொன்னால் பக்கத்தில் நிற்பவள் முகத்தில் இடிக்கும். அப்போதுதான் மார்த்தா டீச்சருக்கு அந்த யோசனை வந்தது. ஆளுக்கோர் இடம், இடத்துக்கோர் எண். களத்து மண்ணில் சுண்ணாம்பால் பெரிது பெரிதாக எழுதிவிட வேண்டியது. எழுதுகிற வேலை எனக்கு. தேகாப்பியாசத்துக்கு லாயக்கில்லாதவளுக்குச் சுண்ணாம்பு வாளி. ஒவ்வொரு ஞாயிறும் குனிந்து எழுதி முடிப்பதற்குள் என் இடுப்பு போய்விடும், அதற்கு எந்தப் பயிற்சியும் சொல்லித் தர மாட்டார். "இருவது, கைய மேல. பதினஞ்சு, மொழங்கால மடக்காத. பத்தும் பதினொன்னும் எடம் மாறு." எழுத்து வாசனையே இல்லாத அந்தப் பெண்கள் சில மாதங்களில் தங்கள் எண்ணை மட்டுமல்ல, முன்னால் நிற்பவள், பின்னால் நிற்பவள் எண்ணையும் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்கள். கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. காலடியில் இருந்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

இருபதாம் எண்ணில் நின்றவள் செல்லம்மா. மூன்றாவது பிள்ளைப்பேற்றோடு அவள் இடுப்பு விட்டுப்போயிருந்தது. கூடை நிறைவதற்குள் உட்கார்ந்துவிடுவாள். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். இப்படியே போனால் பெயரை வெட்டிவிடுவேன் என்று கங்காணி சொல்லியிருந்தார். பெயர் வெட்டுப்பட்டால் லயத்தில் அவர்கள் இருந்த காம்பரா, அந்த ஒற்றை அறையும் போய்விடும். இன்னொரு குடும்பத்தின் காம்பராவில், நடுவில் சாக்குக் கட்டி ஒண்ட வேண்டும். செல்லம்மா அதற்குப் பயந்துதான் டிரிலுக்கு வந்தாளே தவிர ஆசைப்பட்டு வரவில்லை.

"என்னால முடியாதுங்க டீச்சரம்மா. இது ஒடஞ்ச ஒடம்பு."

"ஒடஞ்சத யாரு கேட்டா? நேத்தைக்கு விட இன்னைக்கு ஒரு வெரக்கட நிமுந்தியா? அது போதும், போ."

அவ்வளவுதான் அவருடைய வித்தை. ஒரு விரற்கடை. அடுத்த வாரம் இன்னொரு விரற்கடை. வலிக்கிறது என்றால் வலிக்கிறதுதான் என்று ஒப்புக்கொள்வார், பொய்யாகத் தேற்ற மாட்டார். ஆனால் ஒருத்தி செய்துவிட்டால் அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். அந்த முகத்துக்காகவே நானும் இரண்டு தடவை குனிந்து கால் விரலைத் தொட முயன்றிருக்கிறேன். அடுத்த கொழுந்துக் காலத்தில் செல்லம்மா முழுப்பேர் போட்டாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக நடந்து கடைத்தெருவுக்கு வந்தாள். அவள் அவ்வளவு உயரம் என்று அன்றுதான் தெரிந்தது. காம்பரா தப்பியது.

தோட்டத்திலும் எல்லோருக்கும் சந்தோஷம். முதுகு நிமிர்ந்ததும் கொழுந்து கூடியிருந்தது. துரைசானி குடை பிடித்துக்கொண்டு வந்து ஒரு ஞாயிறு கை தட்டிவிட்டுப் போனார். கணக்கப்பிள்ளை எங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தனுப்பினார். பால் போட்டது. அந்தத் தேத்தண்ணியை நான் ரசித்துக் குடித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் நாக்குக் கசக்கிறது.

கொழுந்து நிறுப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கொழுந்து சேர்க்கும் கொட்டகையான மடுவத்தில் ஒரு தராசு தொங்கும், கடிகாரம் மாதிரி வட்ட முகமும் முள்ளும் உள்ளது. பெண்கள் வரிசையாக வந்து தலைக்கயிற்றைக் கழற்றிக் குனிந்து கூடையை மாட்டுவார்கள். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து றாத்தல் சொல்லுவார். குனிந்தவள் குனிந்தபடியே நகர்ந்துவிடுவாள். தராசின் முகத்தை யாரும் மறைக்கவில்லை, அது பெண்களைப் பார்த்துத்தான் தொங்கியது. படிக்கத் தெரியாதவர்களிடம் எதை மறைப்பது?

ஒரு நாள் மாலை, மார்த்தா டீச்சரும் நானும் இருந்த பள்ளிக்கூடக் குவாட்டர்ஸுக்குச் செல்லம்மா ஓடி வந்தாள். சிரிப்பு அடங்கவில்லை.

"டீச்சரம்மா, இன்னைக்கு ஒரு வேடிக்கைங்க. கூடைய மாட்டிட்டு நீங்க சொன்ன மாதிரி நிமுந்தேனுங்களா, எதுத்தாப்ல பாத்தா முள்ளு நான் நிக்கிற எடத்துல நிக்குது. ஐயா பதினாறுன்னாரு. இல்லீங்க ஐயா, அது என் எடமுங்க, இருவதுன்னேன். பின்னால நின்ன புள்ளைங்களும் எட்டிப் பாத்து ஆமா இருவதுன்னுச்சுங்க."

"அவரு என்னா சொன்னாரு?" என்றார் மார்த்தா டீச்சர்.

"ஒன்னுஞ் சொல்லலீங்க. பாத்துக்கிட்டே இருந்தாரு."

செல்லம்மா பாராட்டை எதிர்பார்த்து நின்றாள். மார்த்தா டீச்சர் அவள் தோளைத் தொட்டு, "நல்லாத்தான் நின்னிருக்க" என்றார். அவள் போன பிறகு அடுப்பில் வைத்த ரொட்டி கருகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த வாரக் கடைசியில் செல்லம்மாவின் குடும்பத்துக்குப் பத்துச்சீட்டு வந்தது. வேலையும் இல்லை, காம்பராவும் இல்லை, வெளியே போ என்பதற்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். மரியாதை இல்லாமல் பேசினாள் என்பது காரணம். மார்த்தா டீச்சர் அன்றே துரை பங்களாவுக்குப் போனார், நானும் கூடப் போனேன். பின்பக்க விறாந்தையில் வெகுநேரம் நிற்க வைத்தார்கள். கடைசியில் துரை வரவில்லை, தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர்தான் வந்தார். நல்ல தமிழர், வேட்டியில் ஒரு கறை இருக்காது.

"ஒங்கள தேகாப்பியாசத்துக்குத்தான் தோட்டத்துக்குள்ள விட்டது. கணக்குச் சொல்லிக்குடுக்க யாரு சொன்னா?"

"நான் கணக்குச் சொல்லிக்குடுக்கலீங்க. நிக்கத்தான் சொல்லிக்குடுத்தேன்."

"அதுதான் தொரைக்குப் புடிக்கல" என்றார் அவர். இனிமேல் வர வேண்டாம் என்று துரைசானியும் சொல்லச் சொன்னாராம். ஜன்னல் திரைக்குப் பின்னால் யாரோ நின்றிருந்ததை நான் பார்த்தேன்.

நிறுவையைப் பற்றி யாராவது விசாரித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? பதினாறு பதினாறாகவே நின்றது. எட்டிப் பார்த்து இருபது என்றவர்கள் ஒருவரும் பிறகு வாய் திறக்கவில்லை. பிள்ளை குட்டிக்காரர்கள், காம்பரா வேண்டும். அவர்களை நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான், மனசு வர மாட்டேன் என்கிறது. அடுத்த ஞாயிறு கடைத்தெருவில் மார்த்தா டீச்சரைக் கண்டதும் அவர்கள் எதிர்ப்பக்கம் ஒதுங்கினார்கள். ஒருத்தி மட்டும் கிட்டே வந்தாள். அவள் சொன்னது இதுதான்: "நீங்க வராம இருந்திருந்தா செல்லம்மா இருந்திருப்பா."

பதில் பேசாத மார்த்தா டீச்சரை அந்தக் கடைத்தெரு அன்றுதான் பார்த்தது.

செல்லம்மாவும் புருஷனும் மஸ்கெலியாப் பக்கம் தோட்டந்தோட்டமாக ஏறி இறங்கினார்கள். வாய்க்காரி என்ற பேச்சு அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. முடிவில் தலைமன்னாரில் கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். ஊருக்குத் திருப்பி அனுப்பியதாக எல்லோரும் சொன்னார்கள். அவள் பிறந்தது அந்த லயத்தில், வேறெந்த ஊரையும் அவள் கண்டதில்லை.

அதற்குப் பிறகு மார்த்தா டீச்சர் பள்ளிக்கூடத்திலும் டிரில் எடுக்கவில்லை. தையல் வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் கூனிக்கொண்டு தைப்பார்கள். அவர் பார்ப்பார், நிமிர்ந்து உட்காரச் சொல்ல மாட்டார். நான் ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன்.

"சொல்லி? நிமுந்தா எதுத்தாப்ல என்னா இருக்குன்னு எனக்கென்ன தெரியும்?" என்றார்.

வருஷம் முடிவதற்குள் கந்தப்பளைக்கு மாற்றல் வாங்கிப் போனார். நாலைந்து வருஷம்தான் இருந்தார், நெஞ்சுச் சளியில் போய்விட்டார் என்று தகவல் வந்தது. விசிலையும் சப்பாத்தையும் என்னிடம் விட்டுப் போயிருந்தார். சப்பாத்து என் காலுக்குப் பாதி கூட நுழையவில்லை. அவருடைய எதுவுமே எனக்குப் பொருந்தியதில்லை.

பள்ளிக்கூடத்து விழா மலர் ஒன்றில் அந்தக் காலத்து ஆசிரியர்களின் படங்களைப் போட்டார்கள். அவர் படம் இல்லை. நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருஷம், பள்ளிக்கூட வேலையாக அந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. பெரட்டுக் களத்தில் லீக்ஸ் காய்கறிப் பாத்தி போட்டிருந்தார்கள். பழைய லயம் இடிந்து அடிக்கல் மட்டும் நின்றது. துரைசானி என்ற சொல்லே அங்கே யாருக்கும் தெரியவில்லை. மடுவம் மட்டும் அப்படியே இருந்தது. நிறுவை நடந்துகொண்டிருந்தது.

தராசு சுவரைப் பார்த்துத் தொங்கியது. சுவருக்கும் தராசுக்கும் நடுவில், அதன் முகத்தைத் தன் பக்கமாக வைத்துக்கொண்டு ஓர் இளம் கணக்கப்பிள்ளை நின்றிருந்தார். நல்ல பையன், எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டவர்.

"தம்பி, தராச ஏன் இப்புடித் திருப்பி மாட்டியிருக்கீங்க?"

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. திரும்பித் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"திருப்பியெல்லாம் இல்லீங்க டீச்சர். நம்ம தோட்டத்துல எப்பவுமே இப்புடித்தான் மாட்டுறது."

வரிசையில் அடுத்தவள் குனிந்து கூடையை மாட்டினாள். அவர் றாத்தலைச் சொன்னார். அவள் குனிந்தபடியே நகர்ந்தாள். நிமிர்ந்திருந்தாலும் அவள் கண்ணுக்குத் தராசின் முதுகுதான் தெரிந்திருக்கும்.