மூடியில் கட்டிய ரியூப் துண்டு

கறுப்புச் சைக்கிள் ரியூப் துண்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரு சாண் நீளம். தொட்டால் உதிர்கிறது. எறிய மனம் வரவில்லை.

எண்பத்தொன்பதில் நான் பல்கலைக்கழகத்துப் பௌதிக ஆய்வுகூடத்தில் சிற்றூழியன். எட்டாம் வகுப்புப் படிப்பு. அங்கே படிப்பித்த மிஸ் ஒருவர், வெளிநாட்டில் தான் படித்த இடத்திலிருந்து நகமளவு தட்டொன்று கொண்டு வந்திருந்தார். அதில் மெல்லிய படைகள், ஒன்றின் மேல் ஒன்றாக. ஒரு படை மீகடத்தி. கடுங்குளிரில் அதற்கு மின்தடையே இல்லாமற் போகும். அடுத்த படை காந்தப் பொருள். அது மீகடத்தியைக் குழப்பும். அந்த நேரம் நுண்ணலையை அனுப்பினால் எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்க வேண்டும். மிஸ் எனக்கு விளங்கப்படுத்தியது வேறு மாதிரி. "ரெண்டும் சண்டைக்காரர், அண்ணை. ஒரே வீட்டிலை இருத்தியிருக்கு. உள்ளுக்கை என்ன நடக்குதெண்டு கதவிலை தட்டிப் பாக்கிறம்."

அந்தக் குளிருக்குத் திரவ நைதரசன் வேண்டும். உரும்பிராயில் ஒரு மாட்டு வைத்தியர், சினைப்படுத்தும் ஊசி மருந்தைப் பழுதாகாமல் வைக்க அதை வைத்திருந்தார். அதைப் பெரிய பிளாஸ்க்கில் வாங்கி, சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவருவது என் வேலை. "மாட்டுக்கு வைச்சதைக் கல்லுக்கு ஊத்தப் போறியள்" என்று கடைசியாகப் போன அன்றும் பகிடி விட்டார். பிறகு சிரிக்காமல் சொன்னார். "இதுதான் கடைசி. கொழும்பாலை இனி வராது." மிஸ்ஸுக்கும் அன்றுதான் கடைசி. நுண்ணலைக் கருவி இரவல். விடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"மூடியை இறுக்காதேங்கோ அண்ணை, அது மூச்சு விடவேணும்." ஒவ்வொரு முறையும் மிஸ் சொல்வார். உள்ளே அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், அடைத்தால் வெடிக்கும். ஆனால் வழியில் ஆமிச் சென்றி, மண்மூட்டை அடுக்கிய காவலரண். போன முறை மூடிக்குக் கீழால் வந்த வெண்புகையைக் கண்டு ஒரு மணித்தியாலம் மறித்து வைத்தார்கள். ஆகவே அன்று பிளாஸ்க் மூடியை ரியூப் துண்டால் இறுக்கிக் கட்டினேன்.

சென்றியில் இறங்கிச் சைக்கிளை உருட்டினேன். புகை இல்லை. சிப்பாய் அடையாள அட்டையைப் பார்த்தான். பின்னால், கரியரில், விசில் மாதிரி ஒரு சத்தம் தொடங்கியது. துவக்கு என் நெஞ்சுக்கு வந்தது. மண்மூட்டைக்குப் பின்னால் இன்னும் இரண்டு. "பாம்" என்றான் ஒருவன். அந்தச் சொல் எனக்கு விளங்கியது. ஓடினால் சுடுவார்கள். நின்றால் வெடிக்கும். கையை மெல்லக் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தேன். மூடி பறந்தது. குளிர் உள்ளங்கையில் பாய்ந்தது. நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் சுட்டிருப்பார்கள். புகை விலக, சிப்பாய் குப்புறக் கிடந்தான். எழும்பி, மண்ணைத் தட்டி, பிளாஸ்க்குக்குள் எட்டிப் பார்த்தான். போ என்று கையைக் காட்டினான்.

ஆய்வுகூடத்துக்கு வர, பிளாஸ்க்கின் வெளிப்பக்கம் பனி பூத்திருந்தது. உள்கண்ணாடியில் வெடிப்பு விழுந்திருந்தது, இனிக் குளிர் நிற்காது. கால் பங்கு மிச்சம். உடனே அளந்தால் ஒரு முறைக்குக் காணும். மிஸ் பிளாஸ்க்கை வாங்கக் கை நீட்டியவர் என் கையைக் கண்டார்.

"காட்டுங்கோ."

"ஒண்டுமில்லை. முதல் அளவுங்கோ மிஸ்."

"காட்டுங்கோ அண்ணை."

உள்ளங்கை மெழுகு மாதிரி வெள்ளை. மிஸ் தண்ணீரை இளஞ்சூடாக்கி, என் மணிக்கட்டைப் பிடித்து அதற்குள் அமர்த்தினார். மேசையில் பிளாஸ்க் புகைந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்தேன்.

"கடைசி, மிஸ். அளவுங்கோ."

"கதையாதேங்கோ."

புகை மெலிந்தது. நின்றது. மிஸ் ஒரு முறைதான் அந்தப் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"மூடியை இறுக்கினனீங்களோ?"

"இல்லை மிஸ்."

ரியூப் துண்டு என் பொக்கற்றுக்குள் இருந்தது.

"அப்ப பிளாஸ்க் பழசாப் போச்சு" என்றார்.

அடுத்த நாள் கருவி போனது. சில மாதத்தில் மிஸ்ஸும் நாட்டை விட்டுப் போனார். அந்தத் தட்டுக்குள் என்ன நடந்தது என்று யாரும் அளக்கவில்லை.

இப்போது மகள் வீட்டுக் குசினியில் நுண்ணலை அடுப்பு இருக்கிறது. சோறு சூடாக்கும்போது பாத்திர மூடியை நீக்கலாகத்தான் வைப்பேன். "உது வெடியாது அப்பா" என்று மகள் சிரிப்பாள். உள்ளங்கைத் தழும்பு எப்படி வந்தது என்று அவளுக்குச் சொன்னதில்லை.

மிஸ் எங்கே இருக்கிறாரோ தெரியாது. தமிழ் வாசிப்பவர். இதுவும் கண்ணில் படக்கூடும். நான் இறுக்கித்தான் கட்டினேன், மிஸ். இந்தத் துண்டால்தான்.