மாமா வீட்டுச் சுவரில் எங்கள் கல்

ஊறிய கடுக்காயின் வாசனை துவர்ப்பாக மூக்கில் ஏறி, நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் சொல்லப்போகிற வருஷத்தில் தை மாதம் முழுக்க எங்கள் ஊரில் அந்த வாசனைதான். மாமா வீட்டு வாசலில் இரண்டு மொடாக்களில் கடுக்காயை இடித்து ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்து, சுண்ணாம்பில் ஊற்றிக் குழைத்துக்கொண்டிருந்தார் கண்ணமங்கலத்திலிருந்து வந்த கொத்தனார். ஜவ்வாது மலையில் கடுக்காய் பொறுக்காத பிள்ளை கிடையாது. பொறுக்கியதெல்லாம் மூட்டையாகக் கீழே இறங்கிப் போய்விடும். ஒரு வீட்டுச் சுவருக்கென்று கடுக்காய் ஊறியதை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன், அதுவும் மாமா வீட்டில். எங்கள் வீட்டில் ஊறவில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. அதற்கு முந்தைய கோடையில்தான் அப்பா, குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்ச் சேர்த்ததை வைத்து, எங்கள் பழைய கல் வீட்டை இடித்துவிட்டு, போளூரிலிருந்து லாரியில் செங்கல் ஏற்றி வந்து புது வீடு கட்டியிருந்தார். ஊரிலேயே முதல் "செங்கல் வூடு" எங்களுடையது என்பதால் ஆறு மாதம் நான் யாரையும் மதிக்காமல் திரிந்தேன். இடித்த வீட்டின் கற்கள் கொல்லையில் குவிந்து கிடந்தன. அம்மா பிறந்த வீடு எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. அங்கே அம்மாவின் அண்ணனான மாமாவும் அத்தையும் அவர்கள் மகள் பொன்னியும் இருந்தார்கள். ஐப்பசி மழையில் அந்த வீட்டின் முன்சுவர் "வயிறு தள்ளி" நின்றது. தள்ளிய இடத்தைப் பிரித்துக் கட்டவும், மீதி இடங்களில் கற்களுக்கு நடுவே இற்றுப்போன பழைய மண்ணைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு வைத்து அடைக்கவும் மாமா ஏற்பாடு செய்தார். அதற்குக் கல் போதவில்லை என்றதும், யாரையும் கேட்காமல் எங்கள் குவியலைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள் அம்மா.

"புகுந்த வூட்டுக் கல்ல பொறந்த வூட்டுக்கு அள்ளிக் குடுத்தவ இந்த மலையிலயே நீ ஒருத்திதான்டி" என்றார் அப்பா. சொன்னாரே தவிர, கற்கள் போவதைத் தடுக்கவில்லை. செங்கல் வீட்டுக்காரருக்குக் கல் எதற்கு என்ற கெத்து அவருக்கு. எனக்கும் அந்தக் கெத்து இருந்தது, அந்தச் சுவர் வளரத் தொடங்கும்வரை.

கொத்தனார் ஒரு கம்பியால் கற்களுக்கு இடையிலிருந்த மண்ணை விரல் ஆழத்துக்குக் குத்தி எடுப்பார். உள்ளே தண்ணீர் தெளிப்பார். பெரிய இடைவெளியில் "சில்லு" என்கிற கல் துணுக்குகளைத் தட்டி இறக்கி, குழைத்த சுண்ணாம்பைக் கரணையால் அழுத்தித் தேய்ப்பார். காய்ந்ததும் கறுத்த கற்களுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடும். சந்தைக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டைப் பார்க்க நின்ற அதே ஆட்கள்தான். சிமெண்டு பூசிய எங்கள் சுவரில் பார்ப்பதற்கு என்ன இருந்தது? பொன்னி என்னைவிட ஒரு வயது பெரியவள். அந்தச் சுவரில் சாய்ந்து நின்றபடி, "எங்க வூடு இன்னாமா இருக்குது பாரு" என்று என்னிடமே கேட்டாள். அதில் பாதிக் கல் எங்களுடையது என்று கத்தினேன். "குடுத்தாச்சு இல்ல?" என்றாள்.

எல்லாக் கல்லும் போகட்டும் என்று விட்டிருப்பேன், ஒரு கல்லை மட்டும் விட முடியவில்லை. பழைய வீட்டு வாசலோரத்தில் இடுப்பு உயரத்தில் இருந்த கல் அது. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அம்மா அதில்தான் அரிவாள் தீட்டினாள்; தீட்டித் தீட்டி அதன் நடுவில் வாய்க்கால் போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. புது வீட்டில் அவளுக்குத் தீட்ட இடமில்லை. பூசின சுவரில் கோடு விழுந்தால் கையை ஒடிப்பேன் என்று அப்பா சொல்லியிருந்தார். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்த்தேன், அந்தக் கல் மாமா வீட்டு வாசலோரத்தில், அதே இடுப்பு உயரத்தில், பள்ளம் வெளியே தெரியும்படி உட்கார்ந்திருந்தது. அத்தைதான் பிடுங்கிக்கொண்டாள் என்று நினைத்து அம்மாவிடம் போய் அழுதேன். "நான்தான் கொத்தனார்ட்ட இந்த எடத்துல வைங்கன்னு காட்னேன். காஞ்சதும் அங்க போய் தீட்டிக்குவேன்" என்றாள் அம்மா, எதுவும் நடக்காதது போல.

அவள் அங்கே போவது எனக்கு ஏற்கெனவே பிடிக்காது. சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய் விளக்கு வைக்கும் நேரம்வரை இருப்பாள். மாமா எதையாவது சொல்ல, அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது எங்கள் வாசல்வரை கேட்கும். அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டுக்குள் ஒருநாளும் வந்ததில்லை. இனிமேல் தினமும் காலையில் அரிவாளைத் தூக்கிக்கொண்டு அங்கே போகப்போகிறாள் என்று தெரிந்ததும், ஏதோ அம்மாவையே பிடுங்கி அந்தச் சுவரில் வைத்துக் கட்டிவிட்டார்கள் என்று எனக்குப் பட்டது.

அடுத்த சந்தை நாள் மத்தியானம், மாமா சந்தைக்கும் அத்தை சாமைக் காட்டுக்கும் கொத்தனார் ஓடைக்குக் குளிக்கவும் போயிருந்தார்கள். பொன்னி எங்கே என்று எட்டிப் பார்த்தேன், காணவில்லை. மண் சுரண்டும் கம்பி சுவரோரம் கிடந்தது. கல்லை உருவி வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். மேலே இருக்கிற கற்கள் என்ன ஆகும் என்று யோசிக்கிற அறிவு இல்லை. சிமெண்டு மறுநாளே இறுகிவிடும், சுண்ணாம்புக்குப் பல நாள் வேண்டும். கம்பியால் குத்தியதும் அது களி போல வந்தது. விரலை விட்டுத் தோண்டினேன், அடியிலிருந்த சில்லுகளை ஒவ்வொன்றாக இழுத்தேன். கல் மெதுவாக என் பக்கம் தலை சாய்த்தது. நான் பின்னால் துள்ளவும், மேலே இருந்த மூன்று வரிசைக் கல் சரிந்து இறங்கவும் சரியாக இருந்தது. புழுதி அடங்கியபோது அம்மாவின் கல், பள்ளத்தோடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஓடிவிட்டேன்.

சாயங்காலம் அத்தையின் குரல் ஊர் முழுக்கக் கேட்டது. "கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க!" மாமா கொத்தனாரைப் பிடித்துக்கொண்டார்: ஈரம் காயாமல் மேலே ஏன் ஏற்றினாய், இதற்கா உன்னைக் கீழேயிருந்து கூட்டி வந்தேன் என்று. அந்த மனிதர் தலை குனிந்து, கரணையையும் மட்டப்பலகையையும் பைக்குள் போடத் தொடங்கினார். நான் அம்மாவின் பின்னால் கைகளை ஒளித்துக்கொண்டு நின்றேன். சுண்ணாம்பு வெந்து விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. அம்மா என் கையை இழுத்துப் பார்த்தாள். நகத்துக்குள் வெள்ளை. கையை விட்டுவிட்டு முன்னால் போனாள்.

"அவர ஒண்ணும் சொல்லாதீங்கண்ணா. காலையில நான்தான் வந்து அருவா தீட்னேன். ஈரம்னு தெரில."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். பத்து நாள் கை வைக்கக் கூடாது என்று கொத்தனார் அவளிடமே சொல்லியிருந்தார். "குடுத்த கல்லுக்குக் கூலியா எங்க செவுத்தையே சாச்சிட்டீங்களா? இனிமே இந்தப் பக்கம் அருவாளோட வராதீங்க" என்றாள் அத்தை. அம்மா, அண்ணன் ஏதாவது சொல்வார் என்று கொஞ்சநேரம் நின்றாள். மாமா தரையில் கிடந்த கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து என் விரல்களுக்கு விளக்கெண்ணெய் தடவியபோது, "இன்னொரு வாட்டி சுண்ணாம்புல கை வெக்காத" என்றாள். 

அதன் பிறகு அம்மா கல்யாணம் சாவு தவிர அந்த வீட்டுக்குப் போகவில்லை. நான் ஆசைப்பட்டபடியே சாயங்காலமெல்லாம் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். இருந்தாள், அவ்வளவுதான். பிளந்த கல்லைக் கொத்தனார் மேலும் உடைத்துச் சில்லாக்கி அதே சுவரில் அடைத்துவிட்டார்.

இப்போது நான் போளூரில் இருக்கிறேன். அப்பாவின் செங்கல் வீட்டை மூன்று முறை பூசியும் விரிசல் நிற்காமல், போன வருஷம் தம்பி இடித்துவிட்டான். பொன்னி வீட்டுக் கல் சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது. அவள் மகன் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை கட்டி, நகரத்திலிருந்து வருகிறவர்களைத் தங்கவைக்கிறான். அவர்கள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். போன மாதம் மறுபடியும் சுண்ணாம்பு வைத்து அடைக்கிறார்கள் என்று பொன்னி கூப்பிட்டாள். போனேன், பழைய வயிற்றெரிச்சல் குறையாமல். ஆட்கள் சுரண்டிப் போட்ட சில்லுகளைக் காலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எது அம்மாவின் கல் என்று அடையாளம் தெரியவில்லை. அம்மா போய் ஏழு வருஷம் ஆகிறது. இனிமேல் மறைத்து என்ன என்று பொன்னியிடம் சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றாள் அவள். "அன்னிக்கு நான் கதவுக்குப் பின்னாலதான் இருந்தேன். நீ கம்பிய எடுத்ததுலயிருந்து பாத்துக்கினு இருந்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"உங்கம்மா வந்துட்டா எங்கப்பாருக்கு நான் கண்ணுக்கே தெரிய மாட்டேன். வராம இருந்தா தேவலன்னு வாய மூடிக்கினேன். பாவத்துல பாதி எனக்குந்தான்டி."

இத்தனை வருஷமாக அந்தப் பாவத்தை எனக்கு மட்டும் சொந்தமானது என்று வைத்திருந்தேன். அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் மட்டும் இருந்தது அது. இந்த மலையில் என்னுடையது என்று மிச்சமிருப்பதும் அது ஒன்றுதான். கல் அவளுக்கு, வீடு அவளுக்கு, அம்மாவின் சிரிப்பும் அவளுக்கு. இதிலும் வந்து பாதி கேட்கிறாள். "உனக்கு ஒண்ணும் இல்ல, வுடு" என்றேன். ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்து அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உண்மையில் எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை.