தரையில் வைக்கக் கூடாத டிரம்

எங்கள் காலாட்படை ரெஜிமென்டில் டிரம்மைத் தரையில் வைக்கக் கூடாது. தாண்டவும் கூடாது. படை போரிட்ட இடங்களின் பெயர்களை அதைச் சுற்றிப் பொன்னெழுத்தில் எழுதியிருப்பார்கள். அந்தக் காலத்தில் முன்னேறு, பின்வாங்கு என்ற கட்டளையெல்லாம் டிரம் ஒலியில்தான் போகுமாம். அதனால் அணிவகுப்பில் அதிகாரிகளுக்கும் முன்னால் டிரம்காரர்கள் நடப்பார்கள். எங்கள் அணியை நடத்திய சார்ஜன் இதையெல்லாம் என்னை மனப்பாடமே செய்ய வைத்தார். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. இதை என் அப்பாவிடம் யார் போய்ச் சொல்வது?

அப்பா கோல சிலாங்கூர் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் செம்பனைக் குலை வெட்டினார். சாவு விழுந்தால், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் வாசலில் வந்து நின்று கூப்பிடுவார். அப்பா தப்பு மேளத்தை எடுத்துக்கொண்டு போவார். கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட மாட்டார்கள். போனாலும் கடைசிப் பந்திதான். அவருடைய மேளம் கோழிக்கூண்டின் மேல் கிடக்கும். சின்ன வயதில் ஒருமுறை நான் அதை எடுத்துத் தட்டியதற்கு அடித்துவிட்டார். அவர் என்னை அடித்தது அந்த ஒரே தடவைதான். "இது என்னோட போவட்டும்" என்றார். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பட்டாளத்தில் சேர்ந்தபோது, "எம்மவன் துப்பாக்கி தூக்குறான்" என்று தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

துப்பாக்கி தூக்கியது ஒரு வருஷம். சாப்பாட்டு மேசையில் என் விரல்கள் சும்மா இருக்காமல் தட்டியதைச் சார்ஜன் பார்த்துவிட்டார். அடுத்த வாரமே வாத்தியக் குழுவில் போட்டார். ரத்தத்தில் ஊறியது எங்கே போகும் என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வரும். வீட்டுக்கு எழுதவில்லை. ரெஜிமென்ட் தினத்துக்குக் குடும்பத்தாரை அழைத்தபோது, நேரில் பார்த்தால் அப்பா புரிந்துகொள்வார் என்று நம்பினேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

அப்பா தனியாக வரவில்லை. மகனின் பெருமையைக் காட்ட மண்டோரையும் கூட்டி வந்திருந்தார். அணிவகுப்பு முடிந்து சாப்பாட்டுக் கூடாரத்தில் மண்டோர் சிரித்தார். "என்னலா, ஒம்மவனும் ஒந்தொழிலுக்கே வந்துட்டான்."

அப்பா தட்டை வைத்துவிட்டு வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடி, பொன்னெழுத்து, போர், அதிகாரிகளுக்கு முன்னால் நடப்பது என்று சார்ஜன் சொன்ன அத்தனையையும் ஒப்பித்தேன். "இங்க இது மரியாதைப்பா."

"ஒங்க எடத்துல மரியாதையா இருக்கும். நான் திரும்பி லயத்துக்குத்தான போவணும்?"

அன்று மாலை, துப்பாக்கிக்கே மாற்றிவிடுங்கள் என்று சார்ஜனிடம் கேட்டேன். இந்த டிரம்மை ஏந்த எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், உனக்கென்ன பைத்தியமா என்றார். அவர் சொன்னதும் நியாயம், அப்பா சொன்னதும் நியாயம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன்.

அடுத்த லீவில் போனபோது, குலை விழுந்து அப்பாவின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. மறுநாள் காலை லயத்தில் ஒரு கிழவர் இறந்துபோனார். மண்டோர் வாசலில் வந்து நின்றார். இந்த முறை என்னைப் பார்த்தார். "ஒங்கப்பனுக்குத்தான் கை முடியலையே. நீ வாடா. கவர்மெண்டே கத்துக்குடுத்திருக்கு."

நான் வாயைத் திறக்குமுன் அப்பா கோழிக்கூண்டின் மேலிருந்து மேளத்தை எடுத்துவிட்டார். "அவன் வரமாட்டானுங்க. நான் வரேன்." என்னிடம் திரும்பி, "வெளிய வராத" என்றார்.

சாவு வீடு நாலு கதவு தள்ளி. ஒவ்வொரு அடியும் உள்ளே கேட்டது. வீங்கிய கை தாளத்தை விட்டுவிட்டுப் பிடித்தது. விழ வேண்டிய எந்த அடி விழவில்லை என்று எனக்குத் தெரிந்தது. கோபத்தில் கண்ணீர் வந்தது. என் விரல்கள் மேசையில் தானாகத் தட்டத் தொடங்கின, அவர் விட்ட அடிகளை மட்டும். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.